நான் தைத்த ஜீப் மேட்

என் வீட்டுக்காரர் வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக்கடைக்காரர். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. கடுகளவு திருகாணியை இடுக்கியில் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு மாட்டுவார். ஏழாவது நாள் அதே மனுஷன் ஒரு முழ நீள ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு பழைய ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார். வெளியே தெரிவது இரண்டு பாதம் மட்டும்தான். முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குடித்தனம் நடத்தியது அந்தப் பாதங்களோடுதான்.

ஜீப் எனக்கு ஒரு வருஷம் முன்னாலேயே வீட்டுக்கு வந்தது. அரசாங்க ஏலத்தில் எடுத்த நாலு சக்கர இழுவை வண்டி. சேறோ மணலோ நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அது மூத்த தாரம், நான் இளைய தாரம் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். நானும் சக்களத்தி என்றுதான் சொல்வேன். என் மூட்டுவலிக்கு டாக்டரைப் பார்க்க மூன்று மாதம் தள்ளிப்போட்டவர், அவளுடைய முன்சக்கரத்தில் லேசாக 'உம்' என்று சத்தம் கேட்டால் அன்றைக்கே கழற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்துத் திணித்துக்கொண்டிருப்பார். நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, எந்த வால்வு தட்டுகிறது என்று கேட்பார். நான் பேசுவதை அவ்வளவு கவனமாக அவர் கேட்டதில்லை.

அந்த வண்டியை ஓட்டுவதில்கூட அவருக்கு அவ்வளவு ஆசை கிடையாது. ரிப்பேர் பார்ப்பதும், அடுத்தவர் வண்டி எங்காவது மாட்டிக்கொண்டால் இழுத்து வெளியே கொண்டுவருவதும்தான் ஆசை. அவரைப் போலவே பழைய ஜீப் வைத்துக்கொண்டு அழுக்கில் புரளுகிற நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அதில் முக்கியமான ஆள் கொக்கி. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர். இழுக்கிறதுக்கு முன்னால் "கொக்கி மாட்டியாச்சா? கொக்கி மாட்டியாச்சா?" என்று மூன்று தடவையாவது கேட்பார், அதனால் அந்தப் பெயர். மழை பெய்தால் போதும், இவருக்கும் கொக்கிக்கும் மூக்கு வேர்த்துவிடும். மலைப்பாதையில் எவன் வண்டியாவது சாக்கடையில் இறங்கியிருக்கும், போன் வரும், கிளம்பிவிடுவார்கள். இழுத்துவிட்ட பிறகு யாராவது டீ கொடுத்தால் குடிப்பார்கள். அவ்வளவுதான் வரும்படி.

முதல் பத்து வருஷம் சண்டை போட்டேன். பிறகு சண்டை போட்டு அலுத்துப்போய் நானும் கூடவே போக ஆரம்பித்தேன். அங்கே எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஜீப்பின் முன்பக்கம் வின்ச் என்று ஒரு உருளை இருக்கும், அதில் இரும்புக் கயிறு சுற்றியிருக்கும். அந்தக் கயிறு விறைப்பாக நிற்கும்போது அறுந்தால் ஆளை வெட்டிவிடும். அதனால் கயிற்றின்மேல் கனமான பழைய கம்பளியைப் போட்டுவைக்க வேண்டும். அறுந்தாலும் கம்பளியின் கனத்தில் கயிறு கீழே விழுந்துவிடும். கம்பளி போடுவதும், வேடிக்கை பார்க்க வருகிறவர்களைத் தள்ளி நிற்கவைப்பதும் என் பொறுப்பு. அதற்குத் தோதான வாய் எனக்கு உண்டு. நான் தையல்காரி, நாள் முழுக்கப் பத்துப் பேரை அதட்டித்தான் என் பிழைப்பே ஓடுகிறது.

ஜீப்புக்கு மேட் தைத்தது அப்படித்தான். தரையில் கிடந்த ரப்பர் விரிப்பு கிழிந்து தொங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. தடித்த ரெக்ஸினுக்கு அடியில் கேன்வாஸ் கொடுத்து, ஓரம் கட்டி, கியர் கம்பிகள் வெளியே வருவதற்கு இரண்டு துளை வெட்டினேன். தூசு உள்ளே போகக் கூடாது என்று கம்பியைக் கவ்விப்பிடிக்கிற மாதிரி அளவெடுத்து, துளையைச் சுற்றிக் கோட்டுக்குப் போடுகிற காஜா மாதிரி நெருக்கமாகத் தைத்தேன். பட்டன் நுழைகிற துளையைக்கூட அவ்வளவு அழகாக நான் தைத்ததில்லை. கம்பிகளின் மேலே உருண்டையாகக் குமிழ் இருக்கும். மேட்டைக் கழுவ வேண்டும் என்றால் அவர் குமிழ்களைத் திருகிக் கழற்றித் தருவார், நான் மேட்டை உருவிக்கொள்வேன். அதுதான் எங்கள் வழக்கம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழைக்கு மறுநாள், ஒரு ரொட்டி வேன் மலைப்பாதையில் பஸ்ஸுக்கு ஒதுங்கப்போய் சாக்கடையில் இறங்கிவிட்டது. கொக்கி வெளியூர் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். இவர் ஜீப்பை வேனுக்கு மேலே, சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, வின்ச் போட்டு இழுத்தார். கால் மணி நேரத்தில் வேன் ரோட்டுக்கு வந்துவிட்டது. ஒரு ரொட்டிகூட நசுங்கவில்லை என்று வேன் டிரைவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்த ஜீப்பில் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கியர் கம்பி உண்டு. எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது அதன் கையில் இருக்கிறது. வின்ச் ஓடும்போது சின்ன கியரை நடுவில் நிறுத்துவார்கள். பலம் முழுக்க வின்ச்சுக்குப் போகும், சக்கரம் சும்மா கிடக்கும். வேலை முடிந்ததும் அதைப் பின்னால் தள்ளிவிட வேண்டும். தள்ள மறந்தால், பெரிய கியரை எதில் போட்டு நிறுத்தினாலும் பிரயோஜனமில்லை. வண்டி சரிவில் உருண்டு ஓடிவிடும். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருக்கிறது, பேருக்கு. அதை மட்டும் இவரால் திருத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறுக்கினால் அடுத்த ஞாயிறுக்குள் தளர்ந்துவிடும்.

இவர் கயிற்றைச் சுற்றிவைத்துவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, வேன் டிரைவர் நீட்டிய டீயைக் குடிக்கப் போனார். நான் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தால் மேட் முழுக்கச் சேறு. அப்படியே விட்டால் வீட்டுக்குப் போவதற்குள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மேட்டை உருவி எடுத்துக்கொண்டு, நாலடி கீழே போய், ரோட்டோரத்துக் கைப்பிடிச் சுவரில் அடித்து உதறிக்கொண்டிருந்தேன். இவர் டீயை முடித்துவிட்டு வந்து, வழக்கம்போலச் சுத்தியலால் முட்டுக்கட்டைகளைத் தட்டி எடுத்தார்.

ஜீப் உருண்டது. சத்தமே இல்லை. அவர் கத்துவது கேட்டுத் திரும்பினேன். என் முழங்கையை உரசுகிற மாதிரி அது போயிற்று. ரொட்டி வேன் எந்தச் சாக்கடையிலிருந்து ஏறியதோ அதே சாக்கடையில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நான் மேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் ஓடிவந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். சின்ன கியர் நடுவில் இருந்தது.

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "பின்னால தள்ளினேனே," என்றார். "தள்ளின சத்தம்கூட ஞாபகம் இருக்கே."

மறதி எல்லோருக்கும் உண்டுதானே, இதற்கு எதற்கு இவ்வளவு கலவரம் என்று தோன்றலாம். இவருடைய அண்ணனைப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது. அவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர், பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிற மனுஷர். அறுபத்தொன்றாம் வயதில் அடுப்பை அணைத்துவிட்டேன் என்று அடித்துச் சொன்னார், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அங்கே ஆரம்பித்தது. இப்போது என் ஓரகத்தி தட்டை எடுத்துக்கொண்டு போனால், "நீங்க எந்த ஊரும்மா?" என்று மரியாதையாகக் கேட்கிறார். ஜீப் உருண்ட அன்றைக்கு இவருக்கு வயது அறுபத்தொன்று.

கொக்கி ஊரிலிருந்து வந்து ஜீப்பைத் தூக்கி, வளைந்த பம்பரை நிமிர்த்தி, ரேடியேட்டர் ஓட்டையை அடைத்து, குமிழ்களைக் கழற்றி என் மேட்டையும் அழகாகத் திரும்பப் போட்டு, கொண்டுவந்து நிறுத்தினார். இவர் கிட்டேயே போகவில்லை. தார்ப்பாயைப் போட்டு மூடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து, என்னோடு டிவி பார்த்தார். குளியலறையில் கிரீஸ் இல்லை. என் குழம்புச் சட்டியில் கார்புரேட்டர் சாமான் ஊறவில்லை. கடைவீதிக்குப் போகலாமா என்றால் உடனே எழுந்து வந்தார். முப்பது வருஷமாக நான் கேட்டது அத்தனையும் கிடைத்தது. முதல் இரண்டு மாதம் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மெதுவாகத்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. காலையில் பேப்பரை எடுத்ததும் தேதியைக் கையால் மறைத்துக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ சொல்லி, கையை எடுத்துச் சரிபார்ப்பார். அணைத்தாச்சா என்று கேஸ் பக்கத்தில் ஒரு சீட்டு, மோட்டார் சுவிட்சில் ஒரு சீட்டு, வாசல் கதவில் ஒரு சீட்டு. கடையில் ஒவ்வொரு கண்ணாடிக்கும் எடுத்த அளவை இரண்டு தடவை எடுக்கிறாராம், அப்புறமும் கடைப்பெண்ணைக் கூப்பிட்டு மூன்றாவது தடவை எடுக்கச் சொல்கிறாராம். டாக்டரிடம் போகலாம் என்றேன். போனால் சொல்லிவிடுவார்கள் என்றார். என்னத்தைச் சொல்லிவிடுவார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள், ஜீப்பைக் கொக்கிக்கே கொடுத்துவிடப் போகிறேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன் என்றார். சரி என்று சொன்னேன். சக்களத்தி ஒழிந்தாள் என்று சிரிக்கக்கூடச் செய்தேன்.

புதன்கிழமை, கொடுக்கிற வண்டியைச் சுத்தமாகக் கொடுப்போமே என்று துடைக்கப் போனேன். இவர் கடையில் இருந்தார். உள்ளே பூனை படுத்து மேட் முழுக்க முடி. குமிழைக் கழற்ற எனக்குக் கைப்பலம் போதவில்லை. அதனால் மேட்டின் முன் ஓரத்தைப் பிடித்துக் கதவுப் பக்கமாக வெடுக்கென்று இழுத்தேன். 'டக்'.

சின்ன கியர் நடுவில் வந்து நின்றது. என்னுடைய அழகான காஜா அதன் கழுத்தைப் பிடித்து இழுத்திருந்தது.

மலைப்பாதையில் அன்றைக்கும் குமிழைக் கழற்றித் தர இவர் பக்கத்தில் இல்லை. அன்றைக்கும் இப்படித்தான் வெடுக்கென்று இழுத்து, துளையைக் குமிழ்மேல் பிதுக்கி உருவினேன். கியரை நான் கையால் தொட்டதே இல்லை, மேட்டைத்தானே இழுத்தேன். அதனால் எனக்கும் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் சரியாகத்தான் பின்னால் தள்ளியிருக்கிறார். அந்தச் சத்தத்தை அவர் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்.

ஓடிப்போய்ப் போன் பண்ணியிருக்க வேண்டும். நான் பண்ணவில்லை. சின்ன கியரைப் பழையபடி தள்ளிவைத்துவிட்டு, தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, போய்த் தைக்க உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜீப் போய்விடும், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு குரல். வெள்ளைச் சட்டை, டிவி, கடைவீதி. ஐந்து நாள்தானே, இதில் என்ன வந்துவிடப்போகிறது? வியாழக்கிழமை முழுக்க இதையே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தேன். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவளுக்கு, ஒரே ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது, அப்படியும் வரவில்லை.

சனிக்கிழமை கடை அரை நாள். சாப்பிட்ட பிறகு என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். ஒரு நோட்டைத் திறந்தார். வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டால் எந்த ஆளைக் கூப்பிட வேண்டும், எல்லாவற்றையும் குண்டு குண்டாக எழுதியிருந்தார். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துக் காட்டினார். முடித்துவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"ஒரு நாள் உன்கிட்டயே வந்து நீங்க யாரும்மான்னு கேட்பேன். அப்ப கோவிச்சுக்காதே," என்றார். "அது நான் இல்லைன்னு நெனச்சுக்கோ."

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. நோட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எழுந்திருங்க. ஜீப்கிட்ட வாங்க."

தார்ப்பாயை உருவிப் போட்டேன். சின்ன கியர் எங்கே இருக்கிறது என்று அவரையே பார்க்கச் சொன்னேன். பின்னால் இருந்தது. நன்றாகத் தள்ளிவிடுங்கள் என்றேன், தள்ளினார். அன்றைக்கு நின்ற மாதிரியே நின்று, மேட்டின் ஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். டக்.

அவர் நடுவில் நின்ற கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை உள்ளே விட்டு, மேட்டைச் சரியாக விரித்து, கம்பியைப் பின்னால் தள்ளினார்.

"இன்னொரு தடவை இழு."

இழுத்தேன். மறுபடியும் விரித்தார், மறுபடியும் தள்ளினார். ஐந்து தடவை இழுக்கவைத்தார். ஐந்து தடவையும் அது நடுவுக்கு வந்தது. கடைசியில் ஜீப்பின் படியில் பொத்தென்று உட்கார்ந்து, "தள்ளினேன். நான் தள்ளித்தான் இருக்கேன்," என்றார். சிரித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கை மேட்டிலேயே துடைத்துக்கொண்டார். கட்டின பெண்டாட்டியே வண்டியைச் சாக்கடையில் தள்ளினாள் என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்ட புருஷன் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தார்.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்த மனுஷன் தன் ஞாபகத்தை நம்பலாமா கூடாதா என்று எட்டு மாதமாகத் தவித்துவிட்டு, இப்போதுதான் மூச்சு விடுகிறார். அவரிடம் இன்னொரு பொய்க் கணக்கைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"புதன்கிழமை," என்றேன்.

அவர் விரலை மடக்கினார். "புதன், வியாழன், வெள்ளி, சனி." நாலு விரல் மடங்கியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு போகக் கொக்கி வந்தார். ஜீப்புக்கு அடியில் இரண்டு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, அண்ணன் மனசு மாறிட்டாரா?" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வெறுங்கையோடு போகப்போகிறவர் கோபப்படவில்லை. சிரித்து சிரித்துப் புரையேறி, டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அப்புறம் அவரும் அடியில் போய்ப் படுத்தார், பாதம் நாலாயிற்று.

என் தையல் மிஷின்மேல் மேட் மடித்து வைத்திருந்தது. சின்ன கியர் துளையைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தார், டீ தட்டு அகலத்துக்கு. அந்த மாதிரி ஒரு ஓட்டை வழியாகப் பூனையே உள்ளே வரலாம். கத்திரிக்கோலை எடுத்து, என் வாழ்க்கையில் நான் தைத்ததிலேயே அழகான காஜாவை, அவர் போட்ட கோட்டின்மேலேயே வெட்டி எறிந்தேன். திங்கட்கிழமை அவரே சீட்டுகளைக் கிழித்தார். கேஸ் பக்கத்துச் சீட்டை மட்டும், இருக்கட்டும், உனக்கு உதவும் என்று விட்டுவைத்தார்.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. குழம்புச் சட்டியில் மறுபடியும் கார்புரேட்டர் ஊறுகிறது. மழை பெய்தால் போன் வருகிறது, கம்பளியைத் தூக்கிக்கொண்டு நானும் போகிறேன். சண்டையும் பழையபடி நடக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், முன்பெல்லாம் சண்டையில் கடைசி வார்த்தை என்னுடையதாகத்தான் இருக்கும். இப்போது அவருக்கு ஒரு ஆயுதம் கிடைத்திருக்கிறது. போன வாரம்கூட, என் நல்ல துண்டில் கிரீஸைத் துடைத்ததற்கு நான் பிடிபிடியென்று பிடித்தபோது, நிதானமாக நிமிர்ந்து பார்த்தார்.

"புதன்கிழமையே தெரிஞ்சும் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் வாயைத் திறக்காதவதானே நீ," என்றார்.

கிழமையெல்லாம் சரிதானா என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. டீ போடப் போனேன்.